அக்காவின் இடது கை

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்பது ஊரறிந்த விஷயம். அதைவிட மோசமான வியாதி ஒன்றும் எனக்கு உண்டு. நான் கை வைத்த வண்டியில் குறை என்று யாராவது சொன்னால் காது தானாக அடைத்துக்கொள்ளும். அக்கா மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் அடைத்துக்கொண்டது.

அக்கா ஒரு சிகிச்சை நிலையத்தில் கார் ஓட்டுகிறாள். நடக்க முடியாத நோயாளிகளை வீட்டிலிருந்து கூட்டி வருவதும், சிகிச்சை முடிந்ததும் கொண்டுபோய் விடுவதும் அவள் வேலை. அந்தக் காரைப் பழுது பார்ப்பது என் பட்டறை. வேலையை நான்தான் வாங்கிக் கொடுத்தேன் என்று சொல்லிக்கொண்டு திரிவேன். உண்மையில் அவளே போய், அவளே ஓட்டிக் காட்டி வாங்கிய வேலை அது.

“டேய், வண்டி இடப்பக்கம் இழுக்குதுடா” என்று முதலில் வந்தபோது டயரில் காற்றைப் பார்த்து அனுப்பினேன். அடுத்த தடவை சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று பார்க்கிற அலைன்மென்ட் மெஷினில் ஏற்றினேன். அளவெல்லாம் கச்சிதம். இரண்டு தெரு ஓட்டிப் பார்த்தேன், நூல் பிடித்த மாதிரி போனது. மூன்றாம் தடவை நான் பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. பட்டறையில் நாலு பேர் காத்திருந்தார்கள்.

“இழுக்கிறது வண்டி இல்லக்கா, உன் இடது கை. ஸ்டியரிங்க உடும்புப் பிடியா பிடிச்சா அது என்னதான் பண்ணும்?”

நாலு பேரும் சிரித்தார்கள். அக்காவும் சேர்ந்து சிரித்தாள். “ஒரு அரை மணி நேரம் என்கூட உக்காந்து வாயேன்” என்றாள்.

“எனக்கு வேற பொழப்பு இல்லையா?” என்றேன்.

போன வாரம் கார் நடைபாதைக் கல்லில் உரசிவிட்டது. பின் சீட்டில் இருந்த பெரியவருக்கு அடி எதுவும் இல்லை, ஆனால் ஆள் வெலவெலத்துப் போய்விட்டார். சிகிச்சை நிலைய மேனேஜர் எனக்குப் போன் போட்டார். கோளாறு வண்டியிலா, ஓட்டுகிறவரிடமா? அந்த ஒரே கேள்விதான். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் சும்மா இருக்காதே.

“வண்டி பக்கா சார். கைதான் சரியில்ல” என்றேன். கூடப் பிறந்தவள் என்றுகூடப் பார்க்காமல் நியாயமாகப் பேசிவிட்டேன் என்று பெருமை வேறு.

இன்று மாலை ஐந்து மணிக்குள் சாவியை ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள். மத்தியானம் அக்கா பட்டறை வாசலில் காரை நிறுத்தினாள்.

“கடைசியா ஒரு தடவை கூட வாடா. சண்டை போட வரல. நான் எங்க தப்புப் பண்றேன்னு பாத்துச் சொல்லு, அது போதும்.”

தொலையட்டும் என்று ஏறி உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் கார் ஒழுங்காகத்தான் போனது. பார்த்தாயா என்கிற மாதிரி நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். புறவழிச் சாலையில் ஏறி இன்னும் பத்து நிமிஷம் போயிருக்கும், வண்டி மெல்ல இடது ஓரமாக ஒதுங்க ஆரம்பித்தது. அக்கா திருத்தினாள். மறுபடியும் ஒதுங்கியது.

“பாத்தியா, கை தானா இழுக்குது” என்றாள். “அப்பாவுக்கும் அந்தச் சீக்கு இடது கையிலதானே ஆரம்பிச்சுது? இப்படித்தான் டம்ளரப் பிடிக்க முடியாமப் போச்சு.”

இது என் மண்டையில் ஒரு நாளும் உறைத்ததில்லை. நான் கிண்டல் செய்துவிட்டு மறந்துபோனேன். அவள் அதை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

முன்னும் பின்னும் வண்டி இல்லை. “அக்கா, ரெண்டு கையையும் எடு.”

“என்னது?”

“எடுன்னா எடு.”

எடுத்தாள். யாரும் தொடாத ஸ்டியரிங் தானே திரும்பியது. கார் நேராக இடது ஓரத்துக்குப் போனது. அவள் பதறிப் பிடித்து நிறுத்தினாள். இறங்கியதுமே கருகல் வாடை அடித்தது. வலது முன்சக்கரத்தைத் தொட்டேன், வெதுவெதுப்பு. இடதைத் தொட்ட விரல் பொசுங்கியது.

“என்னடா?”

“ஒண்ணுமில்ல. ஆறட்டும், பட்டறையில போய்ப் பாக்கலாம்.” அவள் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை.

பட்டறைக்குள் நுழைந்த சூட்டோடு ஜாக்கி வைத்துத் தூக்கினேன். இடது சக்கரம் கையால் சுற்றியும் அசையவில்லை. பிரேக்கிலிருந்து எண்ணெய் வடிக்கிற திருகைத் தளர்த்தினேன். சர்ரென்று பீச்சியது. உடனே சக்கரம் சுழன்றது. பிரேக்கை மிதித்தபோது போன எண்ணெய், காலை எடுத்த பிறகும் திரும்பி வரவில்லை. இடப்பக்கப் பிரேக் மட்டும் லேசாகப் பிடித்தபடியே இருந்திருக்கிறது. ஓட ஓடச் சூடேறி இறுக்கியிருக்கிறது. என்னுடைய இரண்டு தெருவில் அது எப்படித் தெரியும்?

எண்ணெய் போகிற ரப்பர் குழாயைக் கழற்றினேன். மேல் நுனிக்குப் பக்கத்தில் ஒரு மடிப்பு.

இரண்டு மாதத்துக்கு முன் பிரேக் பேட் மாற்றியது நான்தான். பேட்டைத் தாங்கிச் சக்கரத்தைப் பிடிக்கிற கனத்த இரும்பைக் கழற்றினால் கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும். அன்று அவசரம். கம்பி எட்டடி தள்ளிச் சுவரில் ஆணியில் இருந்தது. நடக்கச் சோம்பல்பட்டு, அவ்வளவு கனத்தையும் இந்தக் குழாயிலேயே தொங்கவிட்டுவிட்டுப் போனில் பேசிக்கொண்டிருந்தேன். வெளியே அந்த மடிப்பு மட்டும்தான் தெரியும். உள்ளே ரப்பர் பிய்ந்து, எண்ணெய் திரும்பும் வழியை அடைத்துக்கொண்டது.

“ரப்பர் பழசாயிடுச்சு போல” என்றேன். ஆமாம், அப்போதும் அதைத்தான் சொன்னேன்.

“அதுக்கு நீ என்னடா பண்ணுவ, பாவம்” என்றாள் அக்கா.

அவள் என்னை நாலு அறை அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. எண்ணெய்க் கையோடு போனை எடுத்து, அவளுக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டேன்.

“சார், கோளாறு வண்டியிலதான். பண்ணது நான். பேட் மாத்தும்போது பிரேக் குழாயக் கெடுத்துட்டேன். அவங்க மேல ஒரு தப்பும் இல்ல.”

மேனேஜர் சொன்னார்: “அவங்க நேத்தே வேலைய விடறதா எழுதிக் குடுத்துட்டாங்களே. தம்பிக்கு வண்டியப் பத்தித் தெரியாததில்ல, அவன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும், இனிமே என் கைய நம்பி யாரையும் ஏத்த மாட்டேன்னு.”

நான் தலையைத் தூக்கவில்லை.

“அந்தக் கடுதாசியக் கிழிச்சிடறேன். நாளைக்கு அவங்கள வேலைக்கு வரச் சொல்லுங்க. வண்டி இனிமே உங்க பட்டறைக்கு வராது.” போனை வைத்துவிட்டார்.

திட்டு வரும் என்று காத்திருந்தேன். அக்கா இடது கையை முன்னால் நீட்டி, விரல்களை மூடித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். போனில் பேசியதில் பாதி அவள் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை.

“அப்போ என் கைக்கு ஒண்ணுமில்லையா?”

“ஒண்ணுமில்லக்கா. என்னை மன்னிச்சிரு.”

“நெசமாத்தானே? நல்லா யோசிச்சுச் சொல்லுடா.”

“நெசமாத்தான்.”

“நீ சொன்னாச் சரி” என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.