அமாவாசைக்கு மறுநாள்

அமாவாசைக்கு மறுநாள் காலை, சேவூர் தறிக்கூடத்தில் எட்டு எலக்ட்ரானிக் தறிகளுக்கும் நெட்வொர்க் வழியாக வரவேண்டிய டிசைன் வரவில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் மட்டும் ஓடின. போன மாதமும் இதே நாளில் இதே பேஜார். ரவுட்டரை அமைத்துக் கொடுத்த கலையரசிக்குத் தன் மேலேயே எரிச்சல்.

"நேத்து இன்னா பண்ணீங்க?" என்று முதலாளி பிரபாகரனைக் கேட்டாள்.

"தறிக்கு லீவு. பூசை, படையல் போட்டு மெயின் சுவிட்சை அணைச்சுட்டோம்மா."

அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்த லினக்ஸ் ரவுட்டரில் ஆபீஸ் பக்கத்து இணைப்பான சப்நெட்டின் ஐபி முகவரியை அழியாதபடி கோப்பில் எழுதியவள், தறிப் பக்கத்து முகவரியைப் போன மாதமும் அப்போதைக்கான கமாண்டில் கொடுத்ததோடு விட்டிருந்தாள். கரண்டை நிறுத்தி ரவுட்டர் அணைந்ததும் அது அழிந்துபோனது. இப்போது அதையும் கோப்பில் எழுதிவிட்டு, ரவுட்டரை ஒருமுறை அணைத்து மறுபடி போட்டுப் பார்த்தாள். எட்டுத் தறிக்கும் டிசைன் வந்தது. அவளுக்கும் மூச்சு வந்தது.

"அடுத்த அமாவாசைக்கு மறுநாளும் நீ வந்துடும்மா," என்றார் பிரபாகரன்.

"மறுநாள் எதுக்குங்க? இனிமே அழியாது. அமாவாசைக்கே வரேன். படையல் சாப்பாட்டுக்கு இலை போட்டு வைங்க."