எல்லைக் கதியால்

என் மகள் சாரங்கி என்ன படிக்கிறாள் என்று கோயிலில் யாராவது கேட்டால் முன்பெல்லாம் நான் பேச்சை மாற்றிவிடுவேன். டொக்டர் என்றால் ஒரு சொல்லில் முடிந்துவிடும். எஞ்சினியர் என்றாலும் அப்படித்தான். இவளோ இங்கே டெனிஷ்காரரின் ஓர்ஹூஸ் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு, இருநூறு வருடத்துக்கு முந்தைய மேல் கனடாவின், அதாவது இன்றைக்கு ரொறொன்ரோ இருக்கும் பகுதியின், காணிச் சட்டங்களை ஆராய்கிறாள். பிரித்தானியர் அந்தக் காட்டை அளந்து, துண்டு துண்டாக்கி, குடியேற வந்தவர்களுக்குக் கொடுத்த காலத்துச் சட்டங்கள். அங்கே ஏற்கெனவே இருந்த சனத்திடம் யாராவது கேட்டார்களா என்று ஒருமுறை விசாரித்தேன். அதற்கென்று தனியாக ஓர் அத்தியாயம் எழுதுகிறாளாம். இவ்வளவையும் நான் சொல்லி முடிப்பதற்குள் கோயிலில் பழக்கமான கஜந்தி குறுக்கே விழுந்து, "அப்ப ரொறொன்ரோவிலை காணி வாங்கப் போறியளோ அக்கா?" என்று கேட்பாள். அவளுக்கு விளங்கப்படுத்த நான் இன்னொருமுறை பிறந்து வந்துதான் ஆக வேண்டும்.

காணி என்ற சொல்லே எங்கள் வீட்டில் கொஞ்சம் கூச்சமான சொல். என் கணவர் சபாரத்தினத்தின் தகப்பனார் ஊரில் எல்லை வழக்குப் பேசியே ஆயுளைக் கழித்தவர். வேலியை அரக்கினார் என்று பக்கத்துக் காணிக்காரர் போட்ட வழக்கு அது. அரக்குவது என்றால், வேலியைப் புதுப்பிக்கும்போது வேலித் தடியான ஒவ்வொரு கதியாலையும் விரல் அளவு அடுத்தவன் காணிக்குள் தள்ளி நடுவது. கதியால் நட்ட இடத்தில் துளிர்த்து மரமாகிவிடும், பிறகு கேள்வி இல்லை. வழக்கு முடியுமுன் இரண்டு கிழவர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். யாரில் பிழை என்று கடைசிவரை தெரியவில்லை. பேர் மட்டும் என் மாமனாருக்கு ஒட்டிக்கொண்டது.

எங்கள் கலியாணப் பேச்சிலும் அது வந்தது. "வேலி அரக்கின குடும்பம்" என்று என் ஐயா ஒரு மாதம் இழுத்தடித்தார். ரொறொன்ரோவில் இருக்கும் என் பெரியண்ணை இன்றைக்கும் தொலைபேசி எடுத்தால் முதல் கேள்வி, "மச்சான், வேலி இப்ப எவ்வளவு தூரம் வந்திட்டுது?" என்பதுதான். இவரும் சிரிப்பார். சிரித்துவிட்டு ரிசீவரை என்னிடம் தந்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுவார்.

நாங்கள் இங்கே பிராண்டே என்ற சின்ன ஊரில் வீடு வாங்கி இருபது வருடத்துக்கு மேலாகிறது. இவர் காற்றாலைக்கு இறக்கை செய்யும் தொழிற்சாலையில் வேலை, நான் முதியோர் இல்லத்தில். வீடு வாங்கிய முதல் வசந்தத்திலேயே பக்கத்துக் காணிப் பக்கம் வேலி அடைத்தார். இங்கே ஓடைக் கரைகளில் நிற்கும் வில்லோ மரத்தின் தடியை வெட்டி நட்டால் நம்முடைய ஊர் வேலிக் கிளுவை போலத் துளிர்க்கும் என்று கண்டுபிடித்து, சின்னப்பிள்ளை மாதிரித் துள்ளினார். அந்தத் தடிகள்தான் இன்றைக்குத் தலைக்கு மேல் அடர்ந்து நிற்கின்றன. பக்கத்து வீட்டு ஹென்னிங் நல்ல மனிதர், ஒருநாளும் ஒரு குறை சொன்னதில்லை. போன வருடம் அவர் காலமானார். வீட்டை ராஸ்முஸ் என்ற இளம் பெடியனும் அவன் மனைவியும் வாங்கினார்கள்.

சித்திரை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அந்த ராஸ்முஸ் போனைக் கையில் பிடித்தபடி வந்தான். வேலியோரமாகக் கார்க் கொட்டகை கட்டப் போகிறானாம். திரையில் வானத்திலிருந்து எடுத்த படமும் அதன்மேல் காணி எல்லைக் கோடுகளும் இருந்தன. எங்கள் வேலி கோட்டைத் தாண்டி அவன் பக்கம் நின்றது.

"ஏறக்குறைய ஒரு மீட்டர்," என்றான் மரியாதையாகத்தான். "எப்போது நகர்த்தினீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா?"

நகர்த்தினீர்கள் என்ற சொல்லில் இவருடைய முகம் செத்துப்போனது. எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். போட்ட தேத்தண்ணி ஆறிப்போய் ஆடை கட்டியது. அடுத்த நாள் காலையில் பார்த்தால், மண்வெட்டியையும் வாளையும் எடுத்துக்கொண்டு வேலியடியில் நிற்கிறார்.

"என்ன செய்யப் போறியள்?"

"கழட்டப் போறன். பிழையெண்டால் கழட்டத்தானே வேணும்."

முழங்கால் நோவோடு மாடிப்படி ஏற முடியாத மனிதர், அத்தனை மரத்தையும் பிடுங்கப் போகிறாராம். நான் வாளைப் பறித்து ஒளித்து வைத்துவிட்டுச் சாரங்கிக்குப் போன் அடித்தேன். பின்னேரமே வந்து இறங்கினாள்.

"அப்பா, ஒரு தடியையும் தொடாதேங்கோ," என்றாள் வந்ததும் வராததுமாக. "கழட்டினால் நீங்களே குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி. இருபது வருசத்துக்கு மேலை ஒருத்தரும் மறுக்காமல் நீங்கள் அனுபவிச்சிருந்தால், அந்தத் துண்டு சட்டப்படி உங்கடை. டெனிஷ்காரருக்கு முந்நூறு வருசத்துக்கு மேலை அந்தச் சட்டம் இருக்கு. ஹெவ்ட் எண்டு சொல்லுறது."

"எனக்கு வேண்டாம்."

"ஏன் வேண்டாம்? உரிமை அப்பா!"

"ஆரும் கேட்காமல் விட்டதாலை என்ரையாப் போன காணி எனக்கென்னத்துக்கு? அதுக்குப் பேர்தான் பிள்ளை அரக்கிறது. இருபது வருசம் ஆறுதலா இருந்து அரக்கிறது."

சாரங்கிக்குக் கோபம் வந்தால் டெனிஷில்தான் வரும். சமையலறையைச் சுற்றி நடந்து நடந்து ஏதோ பொரிந்து தள்ளினாள். பிறகு சட்டென்று நின்று, தகப்பனுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சரி, உரிமையை விடுங்கோ. அவன் காட்டினது என்ன? படம். படம் எல்லை இல்லை அப்பா. மேல் கனடாவிலை இதே சண்டைதான் நடந்தது. கடதாசியிலை ஒரு அளவு, காட்டுக்குள்ளை வேறை அளவு. கடைசியிலை 1818 இலை சட்டம் போட்டவை, முதல் அளந்தவன் மண்ணிலை நட்ட கட்டைதான் எல்லை, அளவு பிழைச்சிருந்தாலும் அதை மாத்தேலாது எண்டு. அதுக்கு முந்தி 1798 சட்டத்திலை, எல்லை அடையாளத்தை வேணுமெண்டு பிடுங்கிறவனுக்குத் தூக்கு."

இவர் அப்போதுதான் நிமிர்ந்தார். "தூக்கோ?"

"ஓம். தூக்கு."

"நல்ல சட்டம்," என்றார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் அவர் சிரிக்கவில்லை, உண்மையாகவேதான் சொன்னார்.

"இஞ்சையும் முதல் அளந்தவை மண்ணுக்குள்ளை ஏதாவது வைச்சிருப்பினம்," என்றாள் சாரங்கி. "ஒரு சர்வேயரைக் கூப்பிடுவம். மண் என்ன சொல்லுதெண்டு பாப்பம்."

"மண்ணும் என்னிலைதான் பிழை எண்டு சொன்னால்?"

"அப்ப நானும் சேர்ந்து பிடுங்கிறன்."

அளக்க வந்த அன்று இவர் கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டார். கையைப் பின்னால் கட்டியபடி கோர்ட்டுக் கூண்டில் நிற்பவர் மாதிரி நின்றார். வேலிக்கு அந்தப் பக்கம் ராஸ்முஸ். தெருவுக்கு எதிர்ப்புறத்து வீட்டுக்காரர்கூட நாயைக் கூட்டிக்கொண்டு வேண்டுமென்றே மூன்றாம் முறையாக நடந்தார். அளக்க வந்தவர் ஒரு பெண், நீண்ட கோலும் இரும்பு தேடும் கருவியும் வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் அங்குலம் அங்குலமாகத் தேடினார். ஒரு சத்தமும் இல்லை. நான் பிள்ளையாரையும் அவருடைய தம்பியையும் சேர்த்தே கூப்பிட்டேன். பிறகு அவர் வேலியைச் சுற்றிக்கொண்டு ராஸ்முஸின் புல்வெளிக்குப் போனார். அங்கே கருவி கத்தியது.

போச்சு என்று நினைத்தேன். அவன் காணிக்குள் கத்தினால் வெற்றி அவனுக்கு என்று என் மண்டைக்கு ஏனோ பட்டது. தோண்டினார்கள். துருப்பிடித்த இரும்புக் குழாய் ஒன்று செங்குத்தாக நின்றது. மறுமுனையிலும் அப்படியே ஒன்று. அந்தப் பெண் கோலை வைத்துப் பார்த்தார், திரையைப் பார்த்தார், இன்னொரு முறை கோலை வைத்தார். சாரங்கி கத்திக்கொண்டு வந்து தகப்பனைக் கட்டிப்பிடித்தாள்.

"எல்லை அங்கை நிக்குது அப்பா! வேலி எங்கடை காணிக்குள்ளை நிக்குது! நீங்கள் உள்ளுக்கெல்லோ நட்டிருக்கிறியள்!"

போனில் இருக்கும் படமும் கோடும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்துவதில்லை, அதைப் பார்த்து எல்லை சொல்லக்கூடாது என்று அளவைக்காரப் பெண் ராஸ்முஸுக்கு விளக்கினார். பெடியன் காதுவரை சிவந்து, வேலியைச் சுற்றி ஓடி வந்து கைகொடுத்து மன்னிப்புக் கேட்டான். நான் அவனை நன்றாக, ஆசைதீரப் பார்த்தேன். என்ரை மனுசனையா கேட்டாய், எப்போது நகர்த்தினாய் என்று?

கதை அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் அந்தப் பெண் தன் கடமையாக இன்னொன்றும் சொன்னார். வேலிக்கும் குழாய்க்கும் இடையில் உள்ள நிலத்தை ஹென்னிங் இருபது வருடத்துக்கு மேலாகத் தன்னுடையது என்று நினைத்துப் புல்வெட்டி வந்திருக்கிறார். ஆகவே வீட்டை வாங்கிய ராஸ்முஸ் விரும்பினால் ஹெவ்ட் கேட்கலாம். சாரங்கியின் முகத்தைப் பார்க்க வேண்டும். அவள் தூக்கிக் காட்டிய அதே சட்டம் மறுபக்கமாகத் திரும்பி நின்றது. ராஸ்முஸ் கொட்டகையைச் சின்னதாக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தான், சொல்லி முடிக்கவில்லை. ஆசை யாரைத்தான் விட்டது!

இவர் அவனைத் தவிக்க விடவில்லை. தொழிற்சாலையில் பழகிய டெனிஷில், நிதானமாக, "வைத்துக்கொள். வேலி நிற்கிற இடத்தில் நிற்கட்டும்," என்றார்.

எனக்குக் கொதி தலைக்கேறியது. உள்ளே வந்து கதவை அடித்துச் சாத்தினேன். இவர் பின்னாலேயே வந்தார்.

"கள்ளன் எண்டு சொல்ல வந்தவனுக்குக் காணியோ? வீடு ரெண்டு பேரின்ரை பேரிலையும் இருக்கு. என்ரை கையெழுத்தில்லாமல் அந்தப் பக்கம் ஒரு புல்லும் போகாது, சொல்லிப்போட்டன்!"

"ஓம், தெரியும்," என்றார். "மலர், இரும். ஒரு விசயம் கேளும். ஊரிலை வேலி அடைக்கேக்கை கயிறு பிடிக்கிறது ரெண்டு காணிக்காரரும். ஒரு முனை அவன், மற்ற முனை நான். இஞ்சையும் நான் ஹென்னிங்கைப் போய்க் கூப்பிட்டனான். அந்தாள் சிரிச்சுப்போட்டு, உனக்கு விருப்பமான இடத்திலை நடு எண்டிட்டுது. மற்ற முனையை மரத்திலைதான் கட்டினன். ஆளில்லாமல் பிடிக்கிற கயிறு என்ரை பக்கம்தான் நியாயம் சொல்லும் எண்டு எனக்குப் பயம். அதாலை ஒரு கை நீளம் உள்ளுக்குத் தள்ளி நட்டனான்."

"உள்ளுக்கு நட்டது தெரிஞ்சுகொண்டே ஏன் அண்டைக்கு அவனுக்கு முன்னாலை ஊமையா நிண்டனீங்கள்?"

அவர் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்ரை அப்புவும் சாகும்வரைக்கும் தான் அரக்கேல்லை எண்டுதான் சொன்னவர். அவர் பொய் சொன்னாரோ, இல்லாட்டி உண்மையெண்டு நம்பினாரோ எனக்குத் தெரியாது. நானும் அவரைப்போலை நம்பிக்கொண்டு இருக்கிறனோ எண்டு நினைச்சிட்டன், மலர்."

இத்தனை வருடமாக இந்த மனிதரோடு ஒரே கட்டிலில் படுத்து எழும்புகிறேன். பெரியண்ணையின் பகிடிக்குச் சிரித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போகிறவர் அங்கே நின்று என்ன நினைப்பார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒரு ஊரே சேர்ந்து கொடுத்த கெட்ட பேரை, யாருக்கும் சொல்லாமல், ஒற்றை ஆளாக நின்று தடி தடியாக நட்டுத் துடைத்திருக்கிறார்.

மற்றவர்களும் உள்ளே வந்தார்கள். தேத்தண்ணி போட்டேன். ராஸ்முஸுக்கும்தான். சாரங்கி ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு, அளவைக்காரப் பெண்ணிடம் கேட்டுக் கேட்டு டெனிஷில் எழுதத் தொடங்கினாள். பாதியில் நிமிர்ந்தாள்.

"அப்பா, அந்தத் துண்டு ஏற்கெனவே சட்டப்படி அவைக்குப் போயிருக்கலாம். அப்பிடியெண்டால் என்னெண்டு எழுதுறது?"

"சட்டம் எடுக்க முந்தி நானே குடுத்திட்டன் எண்டு எழுது."

அவள் தகப்பனைப் பார்த்த பார்வையில் எனக்குக் கண் கலங்கியது. அப்படியே எழுதினாள். அவர் எழுந்து நின்று கையெழுத்து வைத்தார். பிறகு தாளை என் பக்கம் நகர்த்திவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்தார்.

சாரங்கிக்கு என் குணம் தெரியும். பகிடியாகத்தான் தொடங்கினாள்.

"அம்மா, அந்த நாளைய மேல் கனடாவிலை எண்டால், மனுசி தன்ரை காணியை எழுதிக் குடுக்க முந்தி நீதிபதிக்கு முன்னாலை போகவேணும். புருசன் வெருட்டித்தான் கையெழுத்து வைக்கிறாவோ எண்டு அவர் விசாரிப்பார். உங்களை விசாரிச்சால் என்ன சொல்லுவியள்?"

"புருசன் ஒரு வார்த்தை கேட்கேல்லை எண்டு சொல்லுவன். நான்தான் பேனையைப் பறிச்சனான் எண்டு சொல்லுவன்."

பறித்தும் விட்டேன். வேறு இடங்களில் நான் கையெழுத்தென்று ஒரு சுழி சுழித்துவிட்டு வந்துவிடுகிறவள். அன்றைக்கு எழுந்து நின்று, ஓர் எழுத்தும் விடாமல், யோகமலர் சபாரத்தினம் என்று முழுப் பெயரையும் எழுதினேன்.