இல்லத்தரசியின் கருத்து

"கூட்டம் முடியற வரைக்கும் ரெண்டு பேரும் பின்னறையில இருங்க. இருமல், தும்மல், போன் பேச்சு, எதுவும் கூடாது" என்றார் வக்கீல். சொல்லும்போதே கையிலிருந்த நாவலின் அட்டையைத் துண்டால் பதமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அட்டையில் இரண்டு ஆண்கள் கைகோத்தபடி ஒரு பாலத்தின்மேல் நடந்துபோனார்கள். அவர்கள் முகத்தில் தூசி படிந்துவிடக் கூடாதே என்று அவருக்குக் கவலை.

வாசலில் பெட்டியோடு நின்ற இரண்டு ஆண்களைப் பற்றி அப்படி ஒரு கவலையும் இல்லை. ஒருவன் அவருடைய ஒரே மகன், மின்வாரியத்தில் இன்ஜினியர். மற்றவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். ஏழு வருஷமாக வேறு ஊரில் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டு வாழ்கிறவர்கள். தாங்கள் யாருக்கு யார் என்பதை மகன் எப்போதோ பெற்றோரிடம் உடைத்துச் சொல்லிவிட்டான். வக்கீல் அதைக் காதில் வாங்கிக்கொள்ளாமல் இருப்பது என்று முடிவு செய்தார். அன்றிலிருந்து கண்ணாடிக் கடைக்காரனுக்கு இந்த வீட்டில் 'ரூம்மேட்' என்று பெயர். "ரூம்மேட் சாப்பிட்டாரா?" என்று அம்மா போனில் கேட்பாள். அந்த ஒரு வார்த்தையில் மூன்று பேர் மானமும் காப்பாற்றப்பட்டுவந்தது.

நாளைக் காலை வருவதாக இருந்தவர்கள், முந்தின வண்டியில் இடம் கிடைத்ததென்று இன்று மாலையே வந்து நின்றுவிட்டார்கள். இன்றைக்கோ வக்கீல் வீட்டில் வாசகர் வட்டம். அவர்தான் தலைவர். எடுத்துக்கொண்ட நாவல், இரண்டு ஆண்களின் காதலையும் அவர்கள் குடும்பங்களையும் பற்றியது. நாலு தெருவில் எந்த வட்டமும் தொடத் துணியாத புத்தகத்தை நாம் தொட்டிருக்கிறோம் என்று வக்கீலுக்கு ஒரு வாரமாகத் தலைகால் புரியவில்லை.

"அப்பா, அந்தப் புத்தகமே எங்களைப் பத்தித்தானே?" என்றான் மகன்.

"புத்தகம் வேற, வீடு வேற. நான் இந்தத் தெருவுல தலை நிமிர்ந்து நடக்க வேண்டாமா?"

மகன் அம்மாவின் பக்கம் திரும்பினான். தெருவில் எல்லோருக்கும் அவள் 'வக்கீல் வீட்டம்மா'. அவளுக்கென்று ஒரு பெயர் இருப்பதே ஓட்டுப் போடும் அன்றைக்குத்தான் வெளியே தெரியும்.

"அம்மா, இந்த ஊருக்கே எனக்கு மாற்றல் கொடுத்திருக்காங்க. வர்றேனா இல்லையான்னு நாளைக்குச் சொல்லணும். உங்களுக்கும் வயசாகுது, பக்கத்துல இருக்கலாம்னுதான் கேட்டு வாங்கினேன். ஆனா வந்தா ரெண்டு பேருமா வருவோம். நான் மட்டும் வந்து எட்டிப் பார்த்துட்டுப் போறது இனிமே கிடையாது. இன்னைக்கு எங்களை ஒளிச்சு வெச்சா, அதையே உங்க பதிலா எடுத்துக்குவேன்."

முப்பத்தைந்து வருஷப் பழக்கம் அவளை முந்திக்கொண்டு பேசியது. "ஒரு மணி நேரந்தானேடா. அப்பாவுக்காக" என்றாள். மகன் பெட்டியைத் தூக்கிக்கொண்டான்.

கண்ணாடிக் கடைக்காரன் மட்டும் நகராமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "அம்மா, கண்ணாடியைக் கொஞ்சம் கழட்டித் தர்றீங்களா?" என்றான். அதன் காம்பு கழன்று, அவள் தையல் நூலால் கட்டி வைத்திருந்தாள். வருஷத்துக்கு இருபது நாவல் வாசித்து மனித மனங்களின் ஆழத்தை அளக்கிற வக்கீல் கண்ணில் அந்த நூல் இதுவரை பட்டதில்லை. இவன் பையிலிருந்து குட்டித் திருப்புளியை எடுத்து, நின்ற இடத்திலேயே ஒரு திருகாணியைப் போட்டு முடுக்கித் துடைத்துக் கொடுத்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு மகனின் பின்னால் போனான்.

பின்னறை என்பது பழைய கேஸ் கட்டுகளும் உடைந்த நாற்காலிகளும் போட்டுவைக்கிற அறை. அதன் கதவு ஊறிப்போய் நிலையில் பொருந்தாது, தானாகத் திறந்துகொள்ளும். அதனால் வெளியே ஒரு தாழ்ப்பாள் வைத்திருந்தார்கள். வக்கீல் அதை இழுத்துப் போட்டார். "இல்லைன்னா திறந்துக்கும்" என்று யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார்.

வட்டம் கூடியது. வட்டம் என்பது பெரிய வார்த்தை. வக்கீலைத் தவிர மூன்று பேர். சாதாரண வார்த்தையில் பேசினால் சம்பளத்தைப் பிடித்துவிடுவார்களோ என்று பயந்தவர்போல் பேசும் பேராசிரியர். மருந்துக்கடைக்காரர். எதிர்வீட்டு அக்கா. அக்காவின் கணவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. வாடகை, ரிப்பேர், கோர்ட்டு எல்லாவற்றையும் தனியாளாகக் கட்டி மேய்க்கிற கெட்டிக்காரி, யாரிடமும் எதற்கும் அனுமதி கேட்டுப் பழக்கமில்லை. அவள் வீட்டு மாடி மூன்று மாதமாகக் காலி. 'வாடகைக்கு விடப்படும், குடும்பத்தினருக்கு மட்டும்' என்று வாசலில் பலகை தொங்குகிறது.

"இந்தப் பிரதி மானுடத்தின் கதவுகளை அகலத் திறந்து வைக்குது" என்று ஆரம்பித்தார் பேராசிரியர். "விலக்கப்பட்டவங்களோட இருப்பை மையத்துக்குக் கொண்டு வருது." மையம் என்று சொல்லும்போது கையை ஹாலின் நடுவில் நீட்டினார். அங்கே பிஸ்கட் தட்டு இருந்தது. ஒன்றை எடுத்துக்கொண்டார்.

மருந்துக்கடைக்காரர் கைக்குட்டையோடே வந்திருந்தார். "நான் படிப்பாளி இல்லைங்க, மனசுல பட்டதைச் சொல்றேன். அந்த ரெண்டு பேரும் மழையில நனைஞ்சுகிட்டு வீட்டு வாசல்ல நிக்கறாங்களே, அந்த இடத்துல தேம்பித் தேம்பி அழுதுட்டேன். என் சம்சாரம் ஓடி வந்து யார் செத்துட்டாங்கன்னு கேக்கறா. ஆனா ஒண்ணு. அந்த அம்மா பாத்திரம் கொஞ்சம் ஓவர். பெத்த பிள்ளையை வெளிய நிக்க வெச்சுக் கதவைச் சாத்துவாளா ஒருத்தி? அப்படி ஒரு அம்மா உலகத்துல இருப்பாளா? எழுதினவர் கைக்கு வந்ததை எழுதிட்டாரு."

வக்கீல் வீட்டம்மா அவருக்குத்தான் அப்போது டீ நீட்டிக்கொண்டிருந்தாள். "சூடா இருக்கு, பார்த்துக் குடிங்க" என்றாள்.

எதிர்வீட்டு அக்காவுக்குப் பொங்கிவிட்டது. "வீடு கிடைக்காம எப்படி அலையறாங்க அந்தப் பசங்க! படிக்கும்போதே எனக்கு ஆத்திரம். என் வீட்டு வாசல்ல வந்து நின்னிருந்தா சாவியைக் கையில கொடுத்து மேல அனுப்பியிருப்பேன். அட்வான்ஸ்கூடக் கேட்டிருக்க மாட்டேன்." கதையில் வருகிறவர்கள் வாடகைக்கு வர மாட்டார்கள் என்பது ஒரு பெரிய சௌகரியம்.

வக்கீல் கடைசியாகத் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பென்சிலால் அடிக்கோடிட்ட பக்கத்தைப் பிரித்து வாசித்தார். "அன்புக்குப் பின்வாசல் தெரியாது." நிறுத்தி, எல்லோரையும் பார்த்தார். "என்ன வரி! ஒரு தகப்பனா இந்த வரியில நான் உறைஞ்சுபோயிட்டேன்."

அந்த நேரம் பார்த்துப் பின்னறையிலிருந்து ஒரு தும்மல். கேஸ் கட்டுத் தூசிக்கு இலக்கிய நாகரிகம் தெரியாது.

எல்லோரும் திரும்பினார்கள். வக்கீல் முகம் வெளிறியது ஒரு நொடிதான். "பூனை" என்றார்.

"பூனை வளர்க்கறீங்களா? சொல்லவே இல்லையே?" என்றாள் அக்கா.

"நம்மது இல்ல. எங்கேருந்தோ வந்து நுழைஞ்சுடுச்சு. காலையில போயிடும்."

வக்கீல் வீட்டம்மா சமையலறை நிலைப்படியில் தட்டோடு நின்றிருந்தாள். பின்னறைக்கும் ஹாலுக்கும் நடுவே ஒரு மெல்லிய சுவர். உள்ளே கேட்காத வார்த்தை ஒன்றும் இங்கே பேசப்படவில்லை. நம்மது இல்ல. பத்து மாதம் சுமந்ததும், அம்மை போட்டிருந்தபோது விசிறிக்கொண்டே உட்கார்ந்திருந்ததும், போன மாதம் போனில் "அம்மா, பக்கத்துலயே வந்துடறேன்" என்று அவன் சொன்னதைக் கேட்டு அழுததும் எல்லாம் ஒரு பூனைக்காக. அவளுக்குக் கோபம் வந்தது. புருஷன்மேல் வந்ததைவிடத் தன்மேல்தான் அதிகம் வந்தது. ஒரு மணி நேரந்தானேடா என்று சொன்னது அவள் வாய்தானே.

வட்டத்தில் ஒரு சம்பிரதாயம் உண்டு. எந்த வீட்டில் கூட்டமோ அந்த வீட்டுப் பெண்மணியைக் கடைசியில் அழைத்து 'இல்லத்தரசியின் கருத்து' கேட்பார்கள். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "நல்லா இருந்துச்சு" என்று சொல்லவேண்டும். எல்லோரும் கைதட்டுவார்கள். பெண்களுக்கும் இடம் கொடுத்தாயிற்று, டீக்கும் நன்றி சொன்னாயிற்று.

"அம்மா, வாங்க! நீங்க ஒரு வார்த்தை சொன்னாத்தான் கூட்டம் நிறையும்" என்றார் பேராசிரியர், தட்டுவதற்குக் கையைத் தயாராக வைத்துக்கொண்டு.

அவள் வந்து நின்றாள். நாவலை அவள் படித்திருந்தது யாருக்கும் தெரியாது. வக்கீல் மதியம் கண்ணயரும் நேரத்தில், நூல் கட்டிய கண்ணாடியைப் பிடித்துக்கொண்டே, ஒரு பக்கம் விடாமல் படித்திருந்தாள். ஆறேழு இடத்தில் மூடி வைத்துவிட்டு எழுந்துபோய்ப் பாத்திரம் தேய்த்திருந்தாள்.

"நல்லா இருந்துச்சு" என்றாள்.

கை தட்டினார்கள். அவள் நகரவில்லை. தட்டின கைகள் என்ன செய்வதென்று தெரியாமல் மடிக்குத் திரும்பின.

"அப்படி ஒரு அம்மா உலகத்துல இருப்பாளான்னு கேட்டீங்க" என்று மருந்துக்கடைக்காரரைப் பார்த்துச் சொன்னாள். "இருக்கா. இப்ப உங்களுக்கு டீ கொடுத்தது அவதான்."

"இங்க பாரு, உள்ள அடுப்புல என்னமோ தீயுது" என்றார் வக்கீல்.

"அடுப்பை அணைச்சுட்டுத்தான் வந்தேன். கதையில எனக்கு ஒரு இடந்தான் ஒத்துக்கலை. அந்த அம்மா கதவைத் திறக்கக் கடைசி அத்தியாயம் வரைக்கும் இழுக்கறா. அழறா, யோசிக்கறா, ஊர் என்ன சொல்லுமோன்னு பயப்படறா. நானும் அப்படித்தான் இத்தனை வருஷமா இழுத்துட்டேன். போய்ப் பார்த்தா அது ஒரு தாழ்ப்பாள். அவ்வளவுதான்."

நேராகப் போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள். கதவு தன் வழக்கப்படி தானாகத் திறந்துகொண்டது. உள்ளே இருவரும் பெட்டிமேல் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள். மகன் கண் சிவந்திருந்தது. தூசிதான் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

"பூனை இல்லக்கா" என்றாள் எதிர்வீட்டு அக்காவிடம். "இவன் என் மகன். இவர் எங்க மாப்பிள்ளை."

அக்கா குழம்பினாள். "உங்களுக்குப் பொண்ணே கிடையாதே?"

"கிடையாதுதான்."

விலக்கப்பட்டவர்கள் இப்படிப் பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்திலேயே மையத்துக்கு வந்துவிடுவார்கள் என்று பேராசிரியர் எதிர்பார்க்கவில்லை. மருந்துக்கடைக்காரர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். இப்போது அது தேவைப்படவில்லை.

"அக்கா, மாடி காலியா இருக்குன்னீங்களே. இவனுக்கு இந்த ஊருக்கே மாற்றல். ரெண்டு பேருக்கும் கொடுக்கறீங்களா?"

அக்கா முகம் அந்தப் பலகைமாதிரி ஆயிற்று. "கொடுக்கலாம்... அதுக்கென்ன... குடும்பத்துக்குன்னு போர்டு போட்டிருக்கேனே..."

"குடும்பந்தானேக்கா. ஏழு வருஷக் குடும்பம்."

"அதில்ல... எதுக்கும் அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்" என்று செத்துப்போன கணவரைக் கைகாட்டிவிட்டு அக்கா எழுந்தாள். மேலுலகத்திலிருந்து பதில் வரக் கொஞ்ச காலம் ஆகும்.

அவள் எழுந்ததும் மற்றவர்களுக்கும் வேலை ஞாபகம் வந்தது. "கடையைப் போட்டது போட்டபடி வந்துட்டேன்" என்றார் மருந்துக்கடைக்காரர். வாசலில் செருப்பைத் தேடியபடி, "கதைன்னா பரவாயில்லைங்க, நம்ம தெருவுலயே..." என்று அவர் முணுமுணுத்தது உள்ளே கேட்டது. பேராசிரியர் மட்டும் வக்கீலின் தோளைத் தொட்டு, துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார்: "அடுத்த மாசம் ஏதாவது சரித்திர நாவல் எடுத்துக்கலாம் சார். ராஜாக்கள், போர்... யாருக்கும் சங்கடம் இல்லாம இருக்கும்."

மூன்று நாற்காலிகள் காலியாயின. மூன்று கப் டீ பாதியில் நின்றது. அவள் அவற்றைத் தள்ளிவைத்துவிட்டுப் புதிதாக டீ கலந்துகொண்டு வந்தாள்.

"இங்க வந்து உக்காருங்கடா. நீங்களும் உக்காருங்க மாப்பிள்ளை. நாளைக்குப் பதில் சொல்லணும்னியே? வர்றேன்னு சொல்லு. மாடி கிடைக்கற வரைக்கும் இங்கதான்."

மகன் வந்து உட்கார்ந்தான். கண்ணாடிக் கடைக்காரன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ஒரு மிடறு குடித்துவிட்டு, "கண்ணாடி அழுத்தாம இருக்காம்மா?" என்று கேட்டான்.

"நல்லாத் தெரியுது தம்பி" என்றாள்.

வக்கீல் நாவலை மார்போடு அணைத்தபடி ஹாலின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். அட்டையில் இருந்தவர்கள் இன்னும் பாலத்தின்மேல் நடந்துகொண்டிருந்தார்கள். "நாலு பேர் முன்னாடி என் மானத்தை வாங்கிட்டியே" என்றார்.

அவள் அவருக்கும் ஒரு கப் ஊற்றி, நாலாவது நாற்காலிக்கு முன்னால் வைத்தாள்.

"எங்களோட உக்காந்து குடிக்கறதா இருந்தா குடிங்க. இல்ல, தனியா உக்காந்து புத்தகம் படிக்கணும்னா, பின்னறை காலியாத்தான் இருக்கு. தாழ்ப்பாள் போட மாட்டேன்."