எட்டுக் கைப் பிடி

1

இந்தக் கதை தங்கையின் ஒரு தொலைபேசி அழைப்பில் தொடங்கியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

"அண்ணா, எலும்பு தெரியுது," என்றாள்.

யாருடைய எலும்பு என்று கேட்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. சோதனை எலியுடையதாம்.

தங்கை வேதியியல் ஆய்வாளர். கதிர்வீச்சு உலோகத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறுகளை வடிவமைப்பவள். அந்தப் பிடியோடு உலோகம் புற்றுக்கட்டிவரை போய்ச் சேர்ந்தால், கட்டி ஸ்கேனில் ஒளிரும். வழியில் பிடி நழுவினால் உலோகம் எலும்பில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் எலும்பில் தெரிவது நோயா, நழுவிய உலோகமா என்று மருத்துவர் திண்டாட வேண்டியதுதான்.

2

கைதேர்ந்த சிற்பியைப் போல அவள் அணு அணுவாக—

(இந்த வரியை அடித்துவிட்டேன். "சிற்பியா? பாதி நாள் நான் ஃப்ளாஸ்க்தான் கழுவறேன்" என்றாள்.)

சரி, உள்ளபடியே எழுதுகிறேன். அவளுடைய மூலக்கூறுக்கு ஆறு கைகள். (இதற்கு வேதியியலில் வேறு சொல் உண்டு; அவள் 'கை' என்றுதான் சொல்வாள்.) அந்தக் கதிர்வீச்சு உலோகமான சிர்கோனியத்தை அசையாமல் பிடிக்க எட்டு வேண்டும். சோதனைக் குழாயில் ஆறே போதுமாக இருந்தது. உடம்புக்குள் போதவில்லை.

"கொஞ்சம்தானே கசியுது, மனுஷங்களுக்குப் போட்டுப் பார்த்துடலாம்," என்றார் குழுத் தலைவர்.

ஊசி போட்டுக்கொள்ளச் சம்மதித்தவர்களில் என் மனைவியும் ஒருத்தி. கட்டி எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று வேறு எந்த ஸ்கேனும் அவளுக்குத் தெளிவாகச் சொல்லவில்லை.

தங்கை ஒரே பிடியாக மறுத்தாள். சோதனை நின்றது.

3

இங்கே ஒரு பொய் எழுதியிருந்தேன்: மனைவி தங்கையைக் கட்டிக்கொண்டு, "நீ செஞ்சதுதான் சரி" என்றதாக. நடந்தது வேறு.

"உனக்கென்ன, நீ இன்னொன்னு செஞ்சுக்குவ. அதுவரைக்கும் நான் இருக்கணுமே?"

தங்கை சமையலறை வாசலைத் தாண்டி வரவில்லை. "தப்பான படத்தைப் பார்த்துட்டு எலும்பு வரைக்கும் பரவிடுச்சுன்னு சொல்லிட்டா? ஆபரேஷனே வேண்டாம்னு கைவிட்டுடுவாங்க, அண்ணி."

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போனாள். அதன்பின் இருவருக்கும் பேச்சில்லை. நடுவில் நான் போஸ்ட்மேன்.

4

எட்டுக் கைகளோடு முதலில் செய்தது தண்ணீரில் கரையவே இல்லை. அடுத்தது உலோகத்தை உள்ளேயே விடவில்லை. அதற்கடுத்தது பிடித்தது; விடவில்லை. எலியின் எலும்புகள் இருட்டாகவே இருந்தன.

தங்கை என்னை விட்டுவிட்டு நேராக அண்ணியை அழைத்தாள். மனைவி எல்லாவற்றையும் கேட்டு முடித்து, "சாப்பிட்டியா?" என்றாள்.

5

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் நோய் எங்கும் பரவவில்லை. இன்னொன்றில் மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு—

எட்டுக் கை ஊசியைப் போட்டுக்கொண்டு வந்து, ஸ்கேன் அறைக்கு வெளியே மனைவி இரண்டையும் படித்தாள். "முதல் முடிவை நம்பப் பயமா இருக்கு. ரெண்டாவதை எழுதி முடிக்க உங்களுக்கே தைரியமில்லை."

உள்ளே கூப்பிட்டார்கள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். "நான் வர்றவரைக்கும் ஒரு வரி எழுதக் கூடாது."

எழுதக் கூடாதுதான். ஆனால் கதவு இன்னும் திறக்கவில்லை, தங்கை நகத்தைக் கடித்துத் தீர்த்துவிட்டாள், என்னால் சும்மா உட்கார முடியவில்லை. முடிவை என்னிடம் கேட்காதீர்கள். கொஞ்ச நேரம் எங்களோடு உட்காருங்கள். தங்கை நகர்ந்து இடம் விடுகிறாள்.