திங்கட்கிழமைத் தண்ணீர்

செவ்வாய்க்கிழமை காலை, ஆய்வகத் தொட்டியில் இன்னொரு மீன் வயிற்றைக் காட்டி மிதந்தது. அறிவியல் டீச்சர் தலையில் அடித்துக்கொண்டாள். தலைமையாசிரியை வகுப்பைப் பார்க்க வரும் நாளாகப் பார்த்தா இது சாக வேண்டும்?

பாடத்தைச் சொல்லித் தராமல், ஒரு சிக்கலைக் கையில் கொடுத்துப் பிள்ளைகளையே தேட விடுவது டீச்சர் கொண்டுவந்த முறை. மீன்கள் ஏன் சாகின்றன என்பது இந்தத் தடவைச் சிக்கல். விடை அவளுக்கே தெரியாது. டீச்சர் பாடம் நடத்தாமல் கேள்வியாகவே கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று பெற்றோர் புகார் சொல்ல, தலைமையாசிரியை கெடு வைத்துவிட்டார். இன்றைக்கு உருப்படியாக ஏதாவது தேறாவிட்டால், பழையபடி கரும்பலகையும் சாக்கட்டியும்தான்.

வகுப்புத் தலைவன் எழுந்து, ஜன்னல் வெயிலில் தண்ணீர் சூடாவதுதான் காரணம் என்று கிளிப்பிள்ளையாக ஒப்பித்தான். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியை திருப்தியாகத் தலையாட்டினார். டீச்சருக்குத்தான் இடித்தது. தொட்டியை ஜன்னலிலிருந்து நகர்த்தி எத்தனையோ நாளாகிவிட்டதே. வாயை மூடிக்கொண்டிருந்தால் முறை பிழைக்கும். மனசு கேட்டால்தானே.

"நகர்த்தி வெச்சப்புறமும் செத்துச்சேப்பா?"

அவன் பெஞ்சைப் பார்த்தான். எல்லோரும் பெஞ்சைத்தான் பார்த்தார்கள். வாயில்லாப்பூச்சி என்று வகுப்பே கேலி செய்யும் பெண் மெல்ல எழுந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். செவ்வாய்க்கிழமைதான் சாகுது. திங்கக்கிழமை தண்ணி மாத்தறது நீங்க."

குழாய்த் தண்ணீரில் கிருமி சாகப் போடும் மருந்தின் வாடை அடிக்கிறது, வாளியில் திறந்து வைத்தால் மறுநாள் அது போய்விடுகிறது என்றாள். நிச்சயமாகச் சொல்ல முடியாதாம். மீனை விட்டுச் சோதிக்க யாருக்கும் மனசு வரவில்லையாம்.

டீச்சருக்குக் காது சூடாகியது. யாரையும் தொடவிடாமல், பிள்ளையைக் குளிப்பாட்டுவது போல அந்தத் தொட்டியைக் கழுவியவள் அவள்.

"டீச்சராத்தான் இருக்கும்னு எப்படிம்மா தோணுச்சு?" என்றார் தலைமையாசிரியை.

"தோணல மேடம். மத்ததெல்லாம் இல்லைன்னு ஆயிடுச்சு. மிச்சம் டீச்சர்தான் இருந்தாங்க. சொல்ல வேணாம்னுதான் எல்லாரும் பேசி வெச்சிருந்தோம்."

டீச்சர் சிரித்துவிட்டாள், கண்ணும் நிறைந்துவிட்டது. தன்னைக் காப்பாற்றப் பொய் சொல்லத் துணிந்த பிள்ளைகள் ஒரு பக்கம். மீனைக் காப்பாற்ற எழுந்து நின்றவள் ஒரு பக்கம். யாருக்கென்று நன்றி சொல்வது? "நல்லவேளை நீ சொன்னேம்மா" என்றாள். தலைமையாசிரியை எழுந்து போனார். போகிற வழியில் தொட்டியருகே நின்று, குனிந்து பார்த்துவிட்டுத்தான் போனார்.

அடுத்த திங்கட்கிழமை பழக்கதோஷத்தில் டீச்சர் குழாயைத் திறக்கப் போனாள். ஜன்னலோரம் ஒரு வாளி நிறையத் தண்ணீர், வாயைத் திறந்தபடி இருந்தது. அதன்மேல் ஒட்டியிருந்த தாளில் கொட்டை எழுத்து: 'டீச்சர், நாளை வரை கை வைக்காதீர்கள்.'

அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். தொட்டியில் மிச்சமிருந்த மீன்கள் கண்ணாடி வரைக்கும் வந்து வந்து திரும்பின.