சூசை இல்லாத போர்

பைபிள்மேல் கைவைத்துச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

பூனாவின் கோர்படிப் பகுதியில் இருக்கும் ஆபிரகாம், சபையின் கிறிஸ்துமஸ் மலருக்காகத் தமிழில் ஒரு போர்க்கதை எழுதினார். அன்று மாலைக்குள் கொடுக்காவிட்டால் அவருடைய பக்கத்தில் மசாலா விளம்பரம் போட்டுவிடுவார்கள். கதையில் கேப்டனுக்குச் சூசை என்றொரு சமையல்காரன். வாயைத் திறந்தாலே பொய்.

"சபை மலருல இந்தப் புளுகன் எதுக்குங்க? தூக்கிருங்க," என்றாள் மனைவி மேவிஸ்.

தூக்கினார். உடனே கேப்டன் கூடாரத்தைவிட்டு நகர மறுத்துவிட்டார். பிடிக்கவேண்டிய பாலத்தில் எதிரியே இல்லை என்று சூசை புளுகியதை நம்பித்தான் மனிதர் போருக்கே கிளம்பியிருந்தார். ஆபிரகாமுக்குத் தலை சுற்றியது.

மத்தியானம் சூசையே வாசலில் வந்து நின்றான். "என்னைச் சேத்துக்கிடுங்கய்யா. இனிமே உண்மையத் தவிர எதுவும் பேசமாட்டேன்."

"நீ உண்மை பேசுனா கேப்டன் போகமாட்டாரேடா."

"அப்ப பொய்யே சொல்றேன்."

"இப்ப சொல்றது எது, உண்மையா பொய்யா?"

"அதைச் சொல்லிட்டா எனக்கு அங்க என்னய்யா வேலை?"

இவன் எந்தப் பக்கத்து ஆள் என்று கடைசிவரை விளங்காமலே ஆபிரகாம் அவனைத் திரும்பச் சேர்த்தார். கேப்டன் கிளம்பினார், பாலம் கைக்கு வந்தது, மாலைக்குள் கதையும் சபைக்குப் போய்ச் சேர்ந்தது.

இன்னொரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன்: பூனாவிலேயே பிறந்து வளர்ந்த ஆபிரகாமுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது.