ஒன்றரை மூட்டை வறட்டி

என் உயிரின் விலை ஒன்றரை மூட்டை வறட்டி. பேரம் பேசாமல் நான் ஒப்புக்கொண்ட விலை வாழ்நாளில் இது ஒன்றுதான். அதையும் இன்னும் கொடுத்தபாடில்லை.

ஓஷ் நகரத்துச் சந்தையில், ஆற்றுப் பக்கம், இரும்புக் கன்டெய்னரை வெட்டிக் கதவு வைத்த கடைகளில் நாலாவது என்னுடையது. வண்டியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய் அதிலேயே படுத்துறங்க ஆசைப்படுகிறவர்களுக்கு வேண்டிய சாமான் விற்கிறேன். மடக்கு நாற்காலி, மடக்கு மேசை, மடக்கு வாளி. மடங்குகிற எதையும் மனிதன் வாங்குவான் என்பது என் அப்பாவின் அனுபவம். அவர் மடக்குக் கத்தி விற்றார். பதினெட்டு வருடம் விற்ற நான் ஒரு நாள்கூட வெளியே படுத்ததில்லை. மருந்துக் கடைக்காரன் எல்லா மாத்திரையையும் விழுங்கிப் பார்த்துவிட்டா விற்கிறான்?

இதைத்தான் கனிஷாயிடமும் சொன்னேன். குல்ச்சா ஊர்க்காரி, பயணக் கம்பெனி நடத்துகிறவள். ஜப்பானிலிருந்து பழைய வேன்கள் பன்னிரண்டு இறக்கியிருந்தாள், வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட. ஒவ்வொன்றிலும் படுக்கை, அடுப்பு, பாத்திரம், எல்லாம் நான் போட்டுக் கொடுக்க வேண்டும். வண்டிக்கு நாற்பது சாமான், நாற்பத்தெட்டாயிரம் சோம் என்று பட்டியல் கொடுத்தேன். அவள் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தாள்.

"நாசிர் அகா, இதுல ஒரு ராத்திரி நீங்க படுத்துப் பாத்திருக்கீங்களா?"

"நான் எதுக்கும்மா படுக்கணும்? எனக்கு வீடு இருக்கே."

"அப்ப வாங்க. ஒரு வண்டியில இந்த நாப்பதையும் போடுங்க. மலையில ஒரு ராத்திரி. என்ஜின ஓடவிட்டுக் குளிர் காயக் கூடாது. காலையில நீங்க நல்லா இருந்தா கையெழுத்துப் போடறேன்."

மறுக்க முடியவில்லை. அந்த ஆர்டரை நம்பி ஒரு லாரி சரக்கு இறக்கிவிட்டிருந்தேன். எரிவாயு டப்பா மட்டும் முந்நூறு. மொத்த வியாபாரியின் தாடியைப் பிடித்துக் கெஞ்சிப் பாதி விலைக்கு வாங்கியது. ஆர்டர் போனால் கடையும் போகும்.

செப்டம்பர் கடைசி. கடை வாசலிலேயே வண்டியை அலங்கரித்தேன். காற்று மெத்தையைக் கல்லு மாதிரி ஊதி, மேலே பூப்போட்ட விரிப்பு, அதன்மேல் கோப்பைகள் வரிசையாக. ஏறிப் பார்க்கிறவளுக்கு ஒரு குறையும் தெரியக் கூடாது. பக்கத்துக் கடைக்காரன் வந்து பார்த்துவிட்டு, "கல்யாணத்துக்கா?" என்றான்.

கனிஷாய் ஓட்டினாள். கணவாயில் வளைந்து வளைந்து ஏறும்போது என் மடியில் இருந்த சிப்ஸ் பாக்கெட்டைப் பார்த்தாள்.

"அகா, என்ன அது இப்படி வீங்குது?"

"கர்ப்பமா இருக்கு போல."

"உங்க மெத்தைக்கும் அதே மாசம்தான். பின்னால திரும்பிப் பாருங்க."

திரும்பினேன். மேலே போகப் போக வெளிக்காற்று இளைக்கும், உள்ளே அடைத்த காற்று கொழுக்கும் என்பது மலைக்குப் போகிறவர் எல்லோருக்கும் தெரியும், சந்தைக்காரனுக்குத் தெரியாது. மெத்தை ஒரு காளை மாதிரி முதுகைத் தூக்கியிருந்தது. கோப்பைகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. காற்றடைப்பைத் திறக்க எட்டிக் கை நீட்டினேன். டமார்! கனிஷாய் பிரேக்கை மிதித்தாள். பூப்போட்ட விரிப்பு என் தலையில் வந்து விழுந்தது.

கனிஷாய் வண்டியை ஓரம் கட்டினாள். சட்டைப் பையிலிருந்து பட்டியலை எடுத்து முதல் வரியை அடித்தாள்.

ஏரிக்கரைக்கு வந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மேய்ச்சல்காரர்கள் எல்லோரும் இறங்கிப் போயிருக்க, ஒரே ஒரு கம்பளக் கூடாரமும் நீல முகப்புள்ள பழைய லாரியும் மட்டும் நின்றன. மலை மேகத்துக்குள் இருந்தது. காற்று வண்டிக்கு அடியில் புகுந்து தரைவழியாக என் எலும்பைத் தேடி வந்தது. மடக்கு மேசையைப் பிரித்தேன். காற்று அதை மடக்கியது. பிளாஸ்டிக் வாளி விறைத்துப்போய், மடித்த இடத்தில் கீறியது. அடுப்பைப் பற்ற வைத்தேன். நகத்தளவு நீலச் சுடர் எழுந்து, என்னை ஒரு முறை பார்த்துவிட்டு அணைந்தது. அடுத்த டப்பா. அதுவும். கோடையில் விற்கிற வாயு அது. குளிரில் டப்பாவை விட்டு எழுந்து வராது. பாதி விலைக்கு ஏன் கொடுத்தான் என்று அப்போதுதான் புரிந்தது.

கனிஷாய் பட்டியலில் வரி வரியாக அடித்துக்கொண்டே போனாள். இருட்டுவதற்குள் நாற்பதில் முப்பத்தொன்று போயிற்று. என் பல் தாளம் போட்டது.

"யாரு இங்க வந்து கடை தெறந்திருக்கறது?"

ஒரு பெண் நின்றாள். என் வயது இருக்கும். ஒரு கையில் ரொட்டி, ஒரு கையில் மூடிய கிண்ணம். பெயர் ஊல்கான். புருஷன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு முன்னால் இறங்கிவிட்டாராம். இவள் மறுநாள் இந்தக் கூடார வீட்டைப் பிரித்து ஏற்றிக்கொண்டு லாரியைத் தானே ஓட்டி இறங்க வேண்டும். கிண்ணத்தைத் திறந்தாள், ஆட்டுக்கறியில் ஆவி பறந்தது. அவள் கூடாரத்துப் பக்கம் மூட்டை மூட்டையாக வறட்டி தெரிந்தது.

"எஜே, அந்த வறட்டி மூட்டை என்ன விலை?" என்று அக்கா முறை வைத்துக் கேட்டேன்.

கனிஷாய் என் தொடையில் கிள்ளினாள்.

"பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தவங்ககிட்ட எவளாவது காசு வாங்குவாளா?" என்றாள் ஊல்கான்.

"நாங்க எங்க குடிவந்தோம்? ஒரு ராத்திரி..."

"சக்கரம் நின்னா குடிவந்த மாதிரிதான். நான் முன்னால வந்தவ, நீங்க பின்னால வந்தவங்க. முன்னால வந்தவ சோறும் நெருப்பும் கொண்டாரணும். ஓஷ்ல இந்த வழக்கம் இல்லையா?"

"ஓஷ்ல முன்னால வந்தவன் கதவச் சாத்திக்குவான்," என்றாள் கனிஷாய்.

அப்புறம் நடந்ததை நான் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றேன். கூடாரச் சுவரிலிருந்து நாணல் பாயைக் கழற்றி வந்து, வண்டியைச் சுற்றிக் கீழே பாவாடை மாதிரி கட்டினாள். அடியில் வீசிய காற்று நின்றது. ஆட்டு ரோமத்தை அமுக்கிச் செய்த தடிக் கம்பளம் இரண்டை வண்டித் தரையில் விரித்தாள். வறட்டி அடுப்பில் பெரிய கொப்பரையை ஏற்றி, நீர் கொதிக்கக் கொதிக்க, தன் பால் கேனில் ஊற்றினாள். ஒன்றரை மூட்டை எரிந்தது. கேன் மூடியை இறுக்கிக் கம்பளத் துண்டில் சுற்றி, நானும் அவளும் உருட்டிக் கொண்டுவந்து எங்கள் படுக்கையின் காலடியில் வைத்தோம்.

"கொஞ்சம் நெருப்புக் கங்கு உள்ள வச்சுக்கலாமா, எஜே?" என்றேன்.

"வச்சா, புகையில மூச்சடைச்சு, காலையில பொணமாத்தான் இறக்கணும். நெருப்பு வெளியிலயே இருக்கட்டும், சூட்ட மட்டும் கூட்டிட்டுப் போ."

தூங்கினேன். குழந்தை மாதிரி என்று சொல்லமாட்டேன். குழந்தை நடுவில் எழும்.

விடியும்போது கண்ணாடியின் உட்பக்கம் பனிப் பூ. காலை நீட்டினேன், கேன் இன்னும் பூனை வயிறு மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. கதவைத் திறந்தேன்.

மேகம் போயிருந்தது. மலை இருந்தது. வானத்தில் பாதிக்கு மேல் மலைதான். உச்சியில் முதல் வெயில் பட்டு, பனி பழுத்த ஆப்பிள் நிறத்தில் எரிந்தது. அந்த நிறம் மெல்ல இறங்கி வந்துகொண்டே இருந்தது, ஏரிக்குள்ளும் தலைகீழாக. என்ன விலை என்று கேட்கும் வாய் எனக்கு. அன்று அது திறக்கவில்லை.

ஆனால் நான் மலைத்துப்போனது அதற்குப் பிறகுதான்.

கேனையும் கம்பளங்களையும் எங்களிடமிருந்து வாங்கிக்கொண்டு ஊல்கான் வீட்டைப் பிரித்தாள். கயிற்றை அவிழ்த்தாள், கூடாரத்தை இழுத்துக் கட்டியிருந்த அதே கயிறு சுமையைக் கட்டியது. உட்காரும் பெட்டி லாரிக்குப் பக்கச் சுவரானது. கொப்பரைக்குள் கிண்ணங்கள், இடைவெளியில் ரஜாய்ப் போர்வை, ஒன்றும் சத்தம் போடவில்லை. கூரைக் கம்பளத்தின் மேலடுக்கு ராத்திரி முழுக்க லாரி என்ஜினுக்குப் போர்வையாக இருந்திருக்கிறது. சாம்பலள்ளும் தகரத்தட்டில் நெருப்புக் கங்குகளை அள்ளி என்ஜினுக்கு அடியில் தள்ளினாள், எண்ணெய் இளகியது. ரொட்டி மாவு பிசையும் மரத்தொட்டி கடைசியில் அவள் ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே போய், உயரம் கொடுத்தது. எல்லாவற்றுக்கும் மேலே கூரையின் மர வளையம், சூரியன் மாதிரி.

பழக்கதோஷம், எண்ணினேன். இருபத்துமூன்று சாமான். நாலு மாத வாழ்க்கை. மூன்று வேலைக்குக் குறைந்து செய்கிற சாமான் ஒன்றுகூட இல்லை. என் நாற்பதும் ஒரு ராத்திரி தாங்கவில்லை. தொழுகையில் நிற்கிறவன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

லாரி கிளம்பியதும் பின்சக்கரம் சேற்றில் சுழன்றது. ஊல்கான் இறங்கினாள், எங்கள் வண்டியிலிருந்து நாணல் பாயை அவிழ்த்தாள், சக்கரத்துக்கு முன்னால் போட்டாள், ஏறி ஓட்டினாள். லாரி வெளியே வந்தது. பாயை உதறிச் சுருட்டினாள்.

"எஜே, அந்தப் பாய எனக்குக் குடுங்க. கேக்கற விலை."

"தர்றேன், லாரியோட சேத்து எடுத்துக்க. என்னையும் எடுத்துக்க. என் புருஷன் பேரம் பேசமாட்டான்."

கனிஷாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சரி, அந்த வறட்டிக்காவது..."

"மறுபடியும் காசா?" ஊல்கான் ஜன்னல் வழியே என்னைப் பார்த்தாள், இந்த முறை சிரிப்பு இல்லை. "ஜூன்ல நான் ஏறி வருவேன். நீ எனக்கு முன்னால வந்து இரு. என் லாரி நிக்கறப்ப உன் அடுப்பு எரியணும். அப்ப தீரும்."

போய்விட்டாள். புல்லில் ஒரு வட்டம் மட்டும் மிச்சம்.

கனிஷாய் பட்டியலை நீட்டினாள். நாற்பது வரியும் அடிபட்டிருந்தது.

"நல்லா இருக்கீங்களா, அகா?"

"இருக்கேன். ஆனா என் சாமானால இல்ல."

அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு செலவானது என்று வியாபாரிகளுக்குத்தான் தெரியும். பேனாவை வாங்கி, தாளைத் திருப்பி, பின்பக்கம் வண்டியின் மூக்கில் வைத்து எழுதினேன். அவள் படித்தாள். விலையைப் பார்த்து, "தப்பா எழுதிட்டீங்களா?" என்றாள். இல்லை என்றேன். கையெழுத்துப் போட்டாள். முந்நூறு டப்பாவும் இன்னும் கடையில்தான். கோடைக்கு மட்டும் ஆகும் என்று எழுதி ஒட்டி, ஒவ்வொன்றாக விற்கிறேன். கடையும் இருக்கிறது, கொஞ்சம் இளைத்து.

அந்தத் தாளின் நகல் கல்லாவுக்கு மேலே தொங்குகிறது:

வேன் பன்னிரண்டுக்கு: தடிக் கம்பளம் 24. பால் கேன் 12. நாணல் பாய் 12. கொப்பரை 12. தகர அடுப்பு 12. தகரத்தட்டு 12. கயிறு, வேனுக்கு முப்பது மீட்டர். காற்று மெத்தை இல்லை. எரிவாயு இல்லை. மடங்குவது எதுவும் இல்லை.

வரவு: வேனுக்குப் பதினோராயிரம் சோம் வீதம், ஒரு லட்சத்து முப்பத்திரண்டாயிரம். வந்தது.

பற்று: ஊல்கானுக்கு, வறட்டி ஒன்றரை மூட்டை, எரிகிற நிலையில். ஜூன், ஏரிக்கரை, அவள் லாரி வந்து நிற்பதற்கு முன்னால். பாக்கி.